தடியன்களின் சராசரி

ஏரி ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைகிற யாரும் முதலில் ஒரு கோட்டைத்தான் பார்க்க வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு. வரவேற்பறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், இடது கீழ்மூலையில் பவ்யமாகத் தொடங்கி, வருடா வருடம் பதவி உயர்வு வாங்கும் ஆளைப்போல வலது மேல்மூலைக்கு ஏறிக்கொண்டே போகும் கோடு. வலையில் விழுந்த மீன்களின் சராசரி எடை, நிலையம் தொடங்கிய நாளிலிருந்து. அடியில் ஒரு பித்தளைத் தகடு: 'ஓர் ஏரி நலமடைகிறது'. தகட்டைத் தினமும் துடைத்தார்கள். ஏரியைத் துடைக்க முடியாது என்பதால் துடைக்க முடிந்ததைத் துடைத்தார்கள்.

இயக்குநர்தான் அந்தக் கோட்டைப் பெற்ற தகப்பன். எந்த விருந்தாளி வந்தாலும் அதன் முன்னால் நிறுத்தி, "சராசரியைப் பாருங்க, சராசரியை!" என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நிலையம் முழுக்க அவருக்குச் 'சராசரி' என்றே பெயர். முகத்துக்கு நேரே, "சார், நீங்க இல்லாட்டி இந்த ஏரி ஏது?" என்று குழைவதும் அதே வாய்கள்தான்.

அவருடைய மனைவியின் தங்கை அங்கே கான்ட்ராக்டில் வேலை பார்த்தாள். அலுவலகத்தில் அவரை 'சார்' என்றும், அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்ததால் மாலையில் 'மாமா' என்றும் கூப்பிட வேண்டியிருந்தது. கார் எந்தத் தெருமுனையைத் தாண்டும்போது சார் மாமாவாகிறார் என்பது இருவருக்குமே நிச்சயமில்லாததால் பாதி வழி பேசாமலே வருவார்கள். சிபாரிசில் வந்தவள் என்று மற்றவர்கள் முணுமுணுத்ததை அவள் மறுக்கவில்லை. "ஆமா, சிபாரிசுதான். நீங்கள்லாம் திறமைல வந்தீங்களாக்கும்?" என்று ஒருமுறை கணக்கரிடம் கேட்டுவிட்டதால், அதற்குப் பிறகு முணுமுணுப்பும் இல்லை, தேநீர் நேரத்தில் பேச்சுத்துணையும் இல்லை.

அவள் வேலை, மீனின் வயதைக் கண்டுபிடிப்பது. மீனின் தலைக்குள், மூளைக்குக் கீழே, குருணை அளவில் ஒரு கல் இருக்கும். காதுக்கல் என்பார்கள். மரத்துக்கு விழுவதுபோல அதில் ஆண்டுக்கொரு வளையம் விழும். கல்லை எடுத்துப் பிசினில் பதித்து, மெல்லிய சீவலாக அறுத்து, மெருகேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டால், எந்த மீனும் வயதைக் குறைத்துச் சொல்ல முடியாது. மனிதர்களைவிட மீன் தலைகளை அவளுக்குப் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணம். நிலையத்தில் அவளுக்குக் 'கல்லுக்காரி' என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், கல்லை எடுக்க மீன் செத்திருக்க வேண்டும். நிலையத்தின் பெருமையோ ஒரு மீனைக்கூடக் கொல்லாதது. வலையில் விழுந்த மீனை எடை போடுவார்கள், நீளம் பார்ப்பார்கள், ஒரு குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல மறுபடியும் தண்ணீரில் விடுவார்கள். அதைப் புகைப்படமும் எடுப்பார்கள். ஆகவே கல்லுக்காரியின் மேஜையில் ரம்பம் இருந்தது, பிசின் இருந்தது, விலை உயர்ந்த நுண்ணோக்கி இருந்தது. தலைதான் இல்லை.

"தலை இல்லாம வேலை பாக்குறது நான் மட்டுமா என்ன, இந்தக் கட்டடமே அப்படித்தான ஓடுது" என்பாள் அக்காவிடம்.

"வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரேன்டி" என்பாள் அக்கா. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். சிரிக்கவே கூடாது என்று விடைத்தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பாள்.

ஏரியின் மீன் என்றால் முக்கால்வாசி ஒரே மீன்தான். உதடு தடித்து, முதுகு உயர்ந்து, மூட்டை தூக்கப் பிறந்தவன்போல இருக்கும். 'தடியன்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உடம்பு பூராவும் முள். ஒரு வாய் தின்பதற்குள் பத்து தடவை தொண்டையைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பதால் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் அதைத் தின்பதில்லை. தின்னாததால் பிடிப்பதில்லை. பிடிக்காததால் ஏரி நிறையத் தடியன்கள். இதில் நிலையத்துக்கு என்ன பங்கு என்று கேட்டால் இயக்குநர் ஒரு மணி நேரம் பேசுவார்.

அந்த வருடம் வெயில் ஒரு வாரம் விடாமல் ஏரியை வேகவைத்தது. அடித்தண்ணீரில் உயிர்க்காற்று தீர்ந்துபோய்க் கரையோரமெங்கும் தடியன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கின. நிலையத்தின் வெள்ளிவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். தலைநகரிலிருந்து குழு வரப்போகிறது. கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கும் தாழ்வான புல்வெளியில் புதிய அரங்கம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்போகிறார்கள். அங்கே மூலைக்கு மூலை முளைக்கம்பும் அடித்துச் சிவப்புக் கயிறும் கட்டியாகிவிட்டது.

"நாத்தம் தெருவரைக்கும் வருது. உடனே புதைங்க" என்று இயக்குநர் உத்தரவு போட்டார்.

புதைப்பதற்குள் கல்லுக்காரி முந்திக்கொண்டாள். கத்தியும் வாளியுமாகக் கரையில் உட்கார்ந்து தலைகளை அறுத்தெடுத்தாள். ஒவ்வொரு பெட்டை மீனின் வயிறும் சினையால் கட்டிப் புடைத்திருந்தது. முட்டையிட இடமில்லாமல் சுமந்துகொண்டே இருந்ததுபோலிருந்தது அவளுக்கு. நிலையத்தின் ஃப்ரீஸரில் வெள்ளிவிழாவுக்கான ஐஸ்கிரீம் அடைந்து கிடந்ததால் தலைகளை அக்கா வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுபோனாள்.

ஐஸ் எடுக்க ஃப்ரீஸரைத் திறந்த அக்கா ஒரே அலறல்.

"அடியேய்! எல்லாம் என்னையே பாக்குதுடி!"

"பாக்காதுக்கா, செத்துப்போச்சு. உன் வீட்டுக்காரர் கோட்டைப் பார்த்துச் செத்ததுங்க."

"அவரைச் சொல்லாட்டி உனக்குத் தூக்கம் வராதே. பட்டாணிக்குப் பக்கத்துலயா வைப்பே? எடுடி முதல்ல!"

பட்டாணி வெளியேறியது. தலைகள் இருந்தன.

அடுத்த வாரங்களில் அவள் ஒவ்வொரு கல்லாக அறுத்துப் பார்த்தாள். முதல் கல்லில் முப்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணினாள். இரண்டாவது அதைவிட மூத்தது. ஐம்பதைத் தாண்டிய ஒரு கிழவியும் இருந்தது. எல்லாமே கிழங்கள். தாத்தாக்கள், பாட்டிகள், கொள்ளுத்தாத்தாக்கள். ஒரு பேரன் கிடையாது, ஒரு பேத்தி கிடையாது. இருப்பதிலேயே இளைய மீனுக்கு வயது இருபத்தைந்து.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள். வெளியே வரவேற்பறையில் யாருக்கோ, "சராசரியைப் பாருங்க" என்று குரல் கேட்டது.

கோடு ஏன் ஏறுகிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. ஏரியில் கால் நூற்றாண்டாகக் குஞ்சே பிறக்கவில்லை. அன்று இருந்த அதே மீன்கள்தான் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் அவற்றையே பிடித்து, அவற்றையே எடைபோட்டு, இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கின்றன என்று கண்டுபிடித்து, அதற்கு விருதும் வாங்கியிருக்கிறார்கள்.

அன்று மாலை அக்காவிடம்தான் முதலில் சொன்னாள்.

"உங்க ஸ்கூல்ல ஒரு வருஷம் அட்மிஷனே போடலைன்னு வெச்சுக்கோ. மறு வருஷமும் போடல. இருக்குற பிள்ளைங்க வளர்ந்துட்டே போறாங்க. பிள்ளைங்களோட சராசரி உயரம் என்ன ஆகும்?"

"ஏறும்."

"அதுக்கு உங்க ஸ்கூலுக்குக் கப் குடுப்பாங்களா?"

அக்கா பேனாவை மூடி வைத்தாள். "குடுக்க மாட்டாங்க. ஆனா குடுத்தா எங்க ஹெட்மாஸ்டர் வாங்கிப்பாரு." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

மறுநாள் சொன்னாள். இயக்குநர் அறையில் நாற்காலிகள் பஞ்சுமெத்தை வைத்தவை. உட்கார்ந்தால் எழுவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். எதிரில் உட்காருகிறவன் எப்போதும் கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும் என்று யோசித்து வாங்கியிருக்க வேண்டும். அவர் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டுப் பெருந்தன்மையோடு புன்னகைத்தார்.

"மீனுக்குக் காது இருக்கா?"

"இருக்கு சார். கேக்கவும் கேக்கும்."

அது குத்தல் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இங்க பாரும்மா. நம்ம வலைக்கண் பெருசு. ஆரம்பத்துலேர்ந்து அதே வலைதான், அப்பத்தான ஒப்பிட முடியும்? சின்னது எல்லாம் நழுவிப் போயிடும். நீ பார்க்கலைங்கறதுக்காக இல்லைன்னு ஆகிடுமா?"

"அப்ப சின்னக் கண் வலை போட்டுப் பாக்கவா?"

"தாராளமா" என்றார். வெள்ளிவிழா வேலை தலைக்குமேல் கிடந்தது. அவளை அறையிலிருந்து அனுப்ப அதுவே சீக்கிரமான வழி.

படகோட்டியைக் கூட்டிக்கொண்டு கோரைப் புதர் ஒவ்வொன்றாக அவள் அரித்தாள். படகோட்டிக்கு இது அவமானமாக இருந்தது. அவன் விருந்தாளிகளுக்கென்றே பிறந்தவன். ஒவ்வொரு வருடமும் முதல் மழைக்குப் பின் தடியன்கள் கூட்டம் கூட்டமாக நிலையத்துப் படகுத்துறைக்கு வந்து, கார் நிறுத்துமிடத்தின் கான்கிரீட் சுவரை மூக்கால் முட்டும். அந்த நாட்களில் விருந்தாளிகளை அழைத்துவந்து அவன் கையில் ரொட்டியோடு நின்று, "விஞ்ஞானிங்களை வரவேற்க வருதுங்க! பாசம் சார், பாசம்!" என்று விளக்குவான். 'மீன் வரவேற்பு' என்று நிலையத்தின் சிறுபுத்தகத்தில் படமே உண்டு. மீன்கள் ரொட்டியைத் தொட்டதேயில்லை என்பதை யாரும் கவனித்ததில்லை. அளவெடுக்கச் சொல்லியிருந்தால் ஒருவேளை கவனித்திருப்பார்கள்.

சின்னக்கண் வலையில் நத்தை வந்தது, இறால் வந்தது, வேறு ஏழெட்டு வகைப் பொடிமீன் வந்தது. தடியன் குஞ்சு ஒன்றுகூட வரவில்லை.

சுவரை முட்டும் மீன்களை அவளும் போன மழையில் நின்று ரசித்தவள்தான். கைதட்டிக்கூட இருக்கலாம். ரொட்டியைத் தொடாத மீன் சுவருக்கு அந்தப் பக்கம் போகத்தான் முட்டியிருக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது. வரவேற்பறைக்கு ஓடி, கோட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் செடி மறைத்துக்கொண்டிருந்த பழைய புகைப்படத்தைப் பார்த்தாள். நிலையத்துக்கு அடிக்கல் நாட்டிய நாள். ரிப்பன், கொத்துக்கரண்டி, காலணி நனைந்த பெரிய மனிதர்கள். அவர்கள் பின்னால் ஏரியிலிருந்து ஒரு வாய்க்கால் கிளம்பிப் புல்வெளிக்குள் போய் மெல்லிசாகப் பரவியிருந்தது. இன்று அந்த வாய்க்காலின் மேல்தான் கார்கள் நிற்கின்றன.

மழைத்தண்ணீர் ஏறும்போது முட்டையிடப் புல்வெளிக்குப் போகிற மீன். வழியில் சுவர். மீனை ஆராய்வதற்காக வந்தவர்கள் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று மீனின் பிரசவ அறைக்குப் போகும் பாதையில் கான்கிரீட் கொட்டிவிட்டு, கால் நூற்றாண்டாக வாசலில் நின்று அழுகிறவர்களுக்கு ரொட்டி போட்டிருக்கிறார்கள். இப்போது அந்தப் பிரசவ அறையிலேயே அரங்கம் கட்டப்போகிறார்கள். கட்டி முடித்துவிட்டால் சுவரை உடைத்தும் பயனில்லை. தடியன்கள் ஒவ்வொன்றாகக் கிழடு தட்டிச் சாகும். கடைசித் தடியன் சாகிற வருடம் சராசரி எடை உச்சத்தில் இருக்கும்.

இரவுச் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் கொட்டினாள். மாமா ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை.

"நல்ல கண்டுபிடிப்பு" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நிஜமாவா மாமா?"

"ஐம்பது வயசு மீன்! யோசிச்சுப் பாரு. எந்த ஏரில இருக்கு இப்படி? நாம வளர்த்திருக்கோம். அரங்கத்துக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு மண்டையை உடைச்சுட்டு இருந்தேன். 'நெடுவாழ்வு அரங்கம்'. எப்படி?"

"மாமா, அது நெடுவாழ்வு இல்ல. வாரிசு இல்லாத வீடு."

"நீ எப்பவும் இருட்டுப் பக்கத்தையே பாக்குறே. உன் வேலையும் தலைநகர்க் குழு வர்ற இந்தக் கூட்டத்துல நிரந்தரமாகுது. மேடைல உன்னைக் கூப்பிடுவேன். வயசைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசு. வயசைப் பத்தி மட்டும்."

"குஞ்சு பொறந்தா உங்க சராசரி இறங்கிடும்னு பயமா?"

ஸ்பூன் இப்போது கீழே இறங்கியது. அக்கா தண்ணீர் ஜாடியை எடுத்து எல்லார் டம்ளரிலும் ஊற்றினாள், ஏற்கெனவே நிறைந்திருந்தவற்றிலும்.

வெள்ளிவிழா நாளில் புல்வெளியில் பந்தல். தலைநகரிலிருந்து வந்த குழுவின் தலைவி குதிகால் செருப்பு ஈரமண்ணில் புதையப் புதைய, ஒவ்வொரு அடிக்கும் ஒரு உதவியாளரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். புல்வெளி ஏன் கோடையிலும் ஈரமாக இருக்கிறது என்று கேட்கக்கூடிய ஒரு ஆள் அங்கே இருந்திருந்தால், அவர் அந்தச் செருப்புதான். குடும்பத்தாருக்கான வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பத்திரிகைக்காரர்கள் ஐஸ்கிரீம் பக்கத்தில் இடம் பிடித்திருந்தார்கள்.

இயக்குநர் கோட்டைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு ரகசியத்தை அவிழ்ப்பதுபோல, உலகமே பொறாமைப்படப்போகிற முதிய மீன்கள் இந்த ஏரியில் வாழ்வதாகவும், அவற்றின் பேரால் நெடுவாழ்வு அரங்கம் எழப்போவதாகவும் அறிவித்தார். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. "இதைக் கண்டுபிடிச்ச எங்க இளம் விஞ்ஞானி" என்று கையை நீட்டினார். கணக்கர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

கல்லுக்காரி மைக்கின் முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தால் எதைப் பார்த்தாலும் இளக்காரம் வருகிறவளுக்கு அன்று ஒன்றும் வரவில்லை. இரண்டு வார்த்தை வயதைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினால் மாதச் சம்பளம், மாடியறை, அக்காவின் முகம் எல்லாம் பத்திரமாக இருக்கும். அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஏரில இளைய மீனுக்கு வயசு இருபத்தஞ்சு" என்றாள். "அதுக்கப்புறம் ஒண்ணும் பொறக்கல. இந்த நிலையத்தைக் கட்டின வருஷத்தோட நின்னுபோச்சு. மீன் முட்டை போடுற இடம், இப்ப நாம உக்காந்திருக்கிற இடம். வர்ற வழியில நம்ம கார் நிக்குது."

பந்தலில் யாரோ இருமினார்கள்.

குழுத் தலைவி மேஜை மைக்கைத் தட்டினார். "அப்ப அரங்கம் கட்டினா மீனுக்குப் பாதிப்பு இருக்குங்கறீங்களா?"

"பாதிப்பு இல்லைங்க. முடிவு."

"என்ன பண்ணணும்கறீங்க?"

"அரங்கத்தை வேற இடத்துல கட்டணும். பார்க்கிங்கை உடைக்கணும்."

சிரித்தார்கள். மீன் அழிகிறது என்றபோது சும்மா இருந்தவர்கள் பார்க்கிங் என்றதும் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து, "மீனுக்கு லைசென்ஸ் இருக்காம்மா?" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு இன்னொரு சுற்று போனது. ஆனால் பத்திரிகைக்காரர்களில் ஒருவன் ஐஸ்கிரீமைக் கீழே வைத்துவிட்டு எழுதத் தொடங்கியதைத் தலைவி பார்த்துவிட்டார். பத்திரிகையில் தப்பாக எழுதப்படுகிற எந்த அடிக்கல்லின் மேலும் தன் கை இருக்கக் கூடாது என்பதில் அவருக்கு நீண்ட அனுபவம்.

"அடிக்கல்லை அப்புறம் பார்த்துக்கலாம். ஒரு துணைக்குழு போட்டு ஆராயட்டும்" என்றார். துணைக்குழு என்பது, கொல்ல மனமில்லாதவர்கள் ஒன்றைப் பட்டினி போட்டுவைக்கும் அறை. அது எல்லோருக்கும் தெரியும். இந்த மழைக்குள் வழி திறக்காவிட்டால் இன்னொரு வருடம் போயிற்று என்பது கல்லுக்காரிக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்குப் போகும்போது காரில் சாரும் இல்லை, மாமாவும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சிவந்த கழுத்து மட்டும் இருந்தது. அக்கா முன்னால். அவள் பின்னால்.

"நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்றது கழுத்து. "வேலை குடுத்தேன். வீட்டுல இடம் குடுத்தேன். அத்தனை பேர் முன்னாடி என்னை நார் நாராக் கிழிச்சுட்டே. அங்க வாய்க்கால் இருந்துச்சாம், மீன் வந்துச்சாம். யார் பார்த்தா?"

"நான் பார்த்தேன்" என்றாள் அக்கா.

கார் சற்று வேகம் குறைந்தது.

"நீங்கதான் கூட்டிட்டுப் போய்க் காமிச்சீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி. முழங்கால் தண்ணி. புல்லு மேல மீன் ஏறி வந்து புரண்டுச்சு, நான் பயந்து கத்தினேன். முட்டை போட வருது, சத்தம் போடாதேன்னு என் வாயைப் பொத்தினீங்க."

பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த நிமிடம் அவரை வெறுக்க வசதியாக இருந்தது. அதுவரை அவர் முட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள். முட்டாளை மன்னிக்கலாம்.

"ரொம்ப வருஷம் ஆச்சு" என்றார் கடைசியில். "மறந்துடுச்சு. வேணும்னு பண்ணல. துணைக்குழு வரட்டும், பார்க்கலாம். அடுத்த வருஷம் நான் ரிட்டையர் ஆயிடுவேன். அப்புறம் எதை வேணா உடைங்க."

"நாளைலேர்ந்து வண்டியை ரோட்டுல நிறுத்துங்க" என்றாள் அக்கா.

"என்னது?"

"ரோட்டுல. கேட்டுக்கு வெளில. என்னைக் கூட்டிட்டுப் போய்க் காமிச்ச இடத்து மேல வண்டியை நிறுத்தாதீங்க. நிறுத்தினீங்கன்னா இந்த வண்டில நான் ஏற மாட்டேன். நடந்தே ஸ்கூலுக்குப் போறேன். ஏன்னு கேக்குறவங்களுக்கெல்லாம் சொல்றேன்."

கணக்கு டீச்சர்கள் குரலை உயர்த்துவதில்லை. விடையை மட்டும் சொல்வார்கள்.

மறுநாள் காலை இயக்குநரின் கார் நிலையத்துக்கு வெளியே தெருவோரத்தில், வெயிலில் நின்றது. கணக்கர் அதைப் பார்த்துவிட்டுத் தன் வண்டியை ஓட்டிவந்த வேகத்தில் பிரேக் போட்டார். அரை நிமிடம் யோசித்தார். யோசித்து, இயக்குநர் காருக்குப் பின்னால், மரியாதையான இடைவெளி விட்டு நிறுத்தினார். அடுத்து வந்தவர் இரண்டு கார்களைப் பார்த்தார். மதியத்துக்குள் நிலையத்தின் அத்தனை வண்டிகளும் தெருவில் வரிசை கட்டி நின்றன.

"ஏன் சார் எல்லாரும் வெளில?" என்று படகோட்டி கேட்டான்.

"தெரியாது. சார் நிறுத்தியிருக்காரே. காரணம் இல்லாமலா?"

காரணம் ஆளுக்கொன்று முளைத்தது. கான்கிரீட்டில் விரிசல் என்றார் ஒருவர். சிக்கனமா இருக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கல்லுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். வளையங்களை எண்ணி, வலை போட்டு, மேடை ஏறி, சொல்ல வேண்டியதைச் சொல்லி அவளால் ஒரு காரைக்கூட நகர்த்த முடியவில்லை. ஜால்ரா ஒரே காலையில் அத்தனையையும் நகர்த்திவிட்டது.

துணைக்குழு வந்தது. மூன்று பேர். மீனைப் பற்றிய அவளுடைய விளக்கத்தைக் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார்கள். பிறகு வெளியே வந்து, ஒரு வண்டிகூட இல்லாமல் பொட்டலாகக் கிடந்த கார் நிறுத்துமிடத்தைக் கண்டு மூவரும் ஒரே சமயத்தில் நின்றார்கள்.

"இதை யாருமே பயன்படுத்துறது இல்லையா?"

"நாங்கள்லாம் வெளிலதான் சார் நிறுத்துவோம்" என்றார் கணக்கர், ஏதோ தியாகத்தை ஒப்புக்கொள்பவரைப்போல.

"அப்புறம் எதுக்கு இத்தனை இடம் வீணா? உடைக்கிறதுல என்ன ஆட்சேபம்?" அவர்கள் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் தெருவில் நின்ற தன் காரைப் பார்த்தார். அன்று வேலை முடிந்து யாரைப் பள்ளி வாசலில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு நினைவுக்கு வந்திருக்கலாம்.

"ஆட்சேபம் ஒண்ணும் இல்ல" என்றார்.

புல்வெளி ஈரமாக இருப்பதால் அரங்கத்தை மேட்டில் கட்டலாம் என்றும் அதே மூச்சில் முடிவாயிற்று. மீன் என்ற சொல் அந்தப் பத்து நிமிடத்தில் ஒருமுறைகூட யார் வாயிலும் வரவில்லை.

இயந்திரம் வந்து கான்கிரீட்டைப் பெயர்த்தது. சுவர் போயிற்று. மழை தன் வழக்கப்படி யாரையும் கேட்காமல் வந்து, ஏரி ஏறி, புதிதாகத் தோண்டிய பள்ளத்தில் நுழைந்து, புல்லுக்குள் முழங்கால் ஆழத்துக்குப் பரவியது. இரண்டாம் நாள் தடியன்கள் வந்தன. தடித்த முதுகுகள் புல்லைப் பிளந்துகொண்டு, தண்ணீர் பாதி மண் பாதியாகப் புரண்டு, வாலால் சேற்றை வாரியடித்தன. இத்தனை வயதுக்குப் பிறகு இவற்றால் முடியுமா என்று கல்லுக்காரிக்குத் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை; இப்படி ஒரு கூட்டத்தை இத்தனை காலம் காக்கவைத்துப் பார்க்க வேறு எந்த நிலையத்துக்கும் தோன்றியிருக்கவில்லை.

சில நாள் கழித்து, முழங்கால்வரை சேறோடு, ஒரு கண்ணாடித் தட்டில் நீரும் இரண்டு புல்லிதழும் எடுத்துக்கொண்டு அவள் ஆய்வறைக்கு வந்தாள். புல்லில் மணிமணியாக ஏதோ ஒட்டியிருந்தது. சிலது வெளுத்துச் செத்திருந்தது. சிலது கண்ணாடிபோல இருந்தது. தட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவக் குழாய்ப் பக்கம் போனாள். சோப்பு இரண்டு முறை நழுவி விழுந்தது.

திரும்பியபோது அவள் நாற்காலியில் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாரோ. நுண்ணோக்கியில் கண் வைத்துப் பல வருடமாகியிருக்க வேண்டும். தவறான திருகைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் கையை நீட்டியதும் தட்டிவிட்டார். பிறகு சரியான திருகு கிடைத்தது. அவர் முதுகு அசையாமல் நின்றது.

"அசையுது" என்றார்.

அவள் ஈரக்கையோடு நின்றாள்.

"உள்ள அசையுது. கண்ணு தெரியுது. கருப்பா, ரெண்டு." குரல் கம்மியிருந்தது. அவர் தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டார். சரியானதும் வழக்கமான குரல் திரும்பி வந்துவிட்டது. "உடனே போட்டோகிராஃபரைக் கூப்பிடு. பத்திரிகைக்கும் சொல்லிடு. நம்ம இருபத்தஞ்சு வருஷ உழைப்போட பலன்னு..."

"முதல்ல தள்ளுங்க" என்றாள் கல்லுக்காரி. "நான் இன்னும் பாக்கல."